கேளுங்க, சொல்றேன்: மடங்கிப்போன விரலும் ஒரு லட்சம் ஆபரேஷனும்

கேள்வி: அக்கா, எங்கப்பா பட்டாளத்துல 17 வருஷம் இருந்துட்டு வந்தவர். அப்புறம் ஒரு பேங்க்ல செக்யூரிட்டியா இருந்தார், போன வருஷம் அதுவும் முடிஞ்சிடுச்சு. இப்ப முடக்கு வாதம் வந்து கை விரலெல்லாம் வீங்கி மடங்கிப் போச்சு, காலைல காபி டம்ளரைக்கூட ரெண்டு கையாலதான் பிடிக்கிறார். "இனிமே நான் எதுக்குடா ஆவேன்"னு திண்ணையிலயே உக்காந்திருக்கார். பட்டாளத்துல இருந்து வந்து ஊருக்கு நல்லது பண்ணின ஒருத்தரைப் பத்தி எழுதுங்களேன், அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.
(வாசகர், ராஜபாளையம்)

பதில்: தம்பி, அந்த டம்ளர் விஷயத்தைப் படிச்சதுமே எனக்கு ஒரே ஒருத்தர்தான் ஞாபகத்துக்கு வந்தார். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் ஜி.வெங்கடசாமி, எல்லாரும் 'டாக்டர் வி'ன்னு சொல்வாங்களே, அவர்தான். பெரிய கண் டாக்டர்னு ஊருக்கே தெரியும், ஆனா அவரும் பட்டாளத்துல இருந்து வந்தவர்தான்னு நிறைய பேருக்குத் தெரியாது. அவரைப் பட்டாளத்துல இருந்து வீட்டுக்கு அனுப்பினதும் உங்கப்பாவுக்கு வந்திருக்கிற இதே முடக்கு வாதம்தான்.

1918 அக்டோபர் 1-ம் தேதி பிறந்தார். சொந்த ஊர் எட்டயபுரம் பக்கத்துல அயன் வடமலாபுரம், கரிசக்காட்டு கிராமம். விவசாயக் குடும்பம், அஞ்சு பிள்ளைகள்ல மூத்தவர். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பேப்பர் பென்சில் எல்லாம் ஏது, ஆத்து மணலை அள்ளிட்டு வந்து தரையில பரப்பி அதுல விரலால எழுதித்தான் படிச்சார். இந்த விரலை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க தம்பி, பின்னாடி வருது. அவரோட சொந்தத்துல மூணு பொண்ணுங்க பிரசவ சமயத்துல செத்துப் போனாங்க, ஊர்ல டாக்டரே கிடையாது. அதைப் பாத்துத்தான் டாக்டருக்குப் படிக்கணும், அதுவும் பிரசவம் பாக்குற டாக்டராகணும்னு முடிவு பண்ணார். மதுரை அமெரிக்கன் காலேஜ்ல படிச்சுட்டு, சென்னை ஸ்டான்லியில 1944-ல டாக்டர் படிப்பை முடிச்சார், அடுத்த வருஷமே ராணுவ மருத்துவப் பிரிவுல சேந்துட்டார்.

1948-ல முடக்கு வாதம் வந்துது, சாதாரணமா இல்ல, ஆளையே சாய்ச்சிடுச்சு. ராணுவத்துல இருந்து விடுவிச்சு அனுப்பிட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல படுத்த படுக்கை, அப்ப அவருக்கு வயசு முப்பதுதான் தம்பி. எழுந்து நிக்க முடியல, பேனா பிடிக்க முடியல, விரலெல்லாம் மடங்கினது மடங்கினபடியே நின்னு போச்சு. இந்தக் கையை வச்சுக்கிட்டு பிரசவம் பாக்க முடியாதுன்னு ஆகிடுச்சு, அதாவது எந்த ஆசைக்காக டாக்டருக்குப் படிச்சாரோ அதுவே கைவிட்டுப் போச்சு. எழுந்து வந்ததும் கண் வைத்தியம் படிக்கப் போனார், 1951-ல சென்னையில அதுல மேல்படிப்பு முடிச்சார். கண் ஆபரேஷன்னா எவ்வளவு பொடி வேலை, கை கொஞ்சம் நடுங்கினா போச்சு, நல்ல கை இருக்கிறவங்களே பயப்படுற இடம் அது. இவர் அந்த மடங்கின விரலுக்குள்ள கத்தி எப்படி நிக்கும்னு பழகிப் பழகி, தன் கைக்கு ஏத்த மாதிரி கருவிகளை வடிவமைச்சு வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணினார். வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கும் மேல கண் ஆபரேஷன். மணல்ல எழுதின அதே விரல்தான். ஃபோட்டோவுல அவர் கையைப் பாத்தா தெரியும், ஒரு விரல்கூட நேரா இருக்காது.

உங்கப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. 1956-ல இருந்து மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில கண் பிரிவுக்குத் தலைவரா இருந்து, கிராமம் கிராமமா கண் முகாம் நடத்தி, மாலைக்கண் வந்த குழந்தைகளுக்கு ஆகாரமே மருந்துன்னு கீரையும் பப்பாளியும் குடுக்கச் சொல்லி, 1973-ல பத்மஸ்ரீயும் வாங்கியாச்சு. 58 வயசு, 1976-ல ரிட்டயர்டு. போதும்னு உக்காந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா நாம இன்னிக்கு அவர் பேரைச் சொல்றதே அதுக்கப்புறம் அவர் செஞ்சதுக்காகத்தான். அதே வருஷம் மதுரையில ஒரு வீட்டுல 11 படுக்கையோட ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சார். பேங்க்ல கடன் குடுக்கல, வீட்டை அடமானம் வச்சாங்க, பொம்பளைங்க நகையைக் கழட்டிக் குடுத்தாங்க. தங்கச்சி டாக்டர் நாச்சியார், அவங்க வீட்டுக்காரர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி ஸ்ரீனிவாசன்னு குடும்பமே அவர் பின்னாடி வந்து நின்னுது. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து மேல அவருக்கு ரொம்பப் பக்தி, அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பேர். அந்த 11 படுக்கைதான் அப்புறம் தேனி, திருநெல்வேலி, கோவை, பாண்டிச்சேரின்னு பரவுச்சு. 2006 ஜூலை 7-ம் தேதி 87 வயசுல அவர் காலமாகுறப்ப அது உலகத்துலயே பெரிய கண் மருத்துவ அமைப்புகள்ல ஒண்ணு.

உங்கப்பாவை ஆஸ்பத்திரி கட்டச் சொல்லல தம்பி. முதல்ல அந்த வாதத்துக்கு நல்ல டாக்டர்கிட்ட ஒழுங்கா வைத்தியம் பாருங்க, டாக்டர் வி-க்கு வாதம் வந்த காலத்துல இல்லாத மருந்தெல்லாம் இப்ப வந்திருக்கு, விரல் இன்னும் மடங்காம காப்பாத்தலாம். அப்புறம் உங்க ஊர்ப் பக்கம் கண் முகாம் நடக்குறப்ப அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க, பேஷன்ட்டா இல்ல, உதவிக்கு. முகாம் நடத்துறது டாக்டருங்க மட்டும் இல்ல, உள்ளூர்ல நாலு பேர் முன்னாடியே போய் ஸ்கூல்ல இடம் கேட்டு, பெஞ்சு போட்டு, ஆட்டோல மைக் கட்டிச் சொல்லி, வரிசையை ஒழுங்கு பண்ணணும், கண்ணு தெரியாத பெரியவங்களைக் கையைப் பிடிச்சு ஒவ்வொரு டேபிளா கூட்டிட்டுப் போகணும். பட்டாளத்துல 17 வருஷம் இருந்தவருக்கு வரிசையை நிறுத்தத் தெரியாதா என்ன. அதுக்கு விரல் நேரா இருக்கணும்னு அவசியமே இல்ல.

கேள்வி: டாக்டர் வெங்கடசாமி கல்யாணம் பண்ணிக்கலையாமே, நிஜமா?
(வாசகி, கரூர்)

பதில்: ஆமாம்மா, பண்ணிக்கல. கூடப் பிறந்தவங்களைப் படிக்க வச்சு ஆளாக்கினார், அவங்களும் அவங்க பிள்ளைங்களும்தான் அவருக்குக் குடும்பம். அதுல நிறைய பேர் கண் டாக்டருங்க.

கேள்வி: அரவிந்த் ஆஸ்பத்திரியில காசில்லாம ஆபரேஷன் பண்றாங்கன்னா அதுல ஏதாவது குறை இருக்கத்தானே செய்யும்? இவ்வளவு பேருக்கு சும்மா செஞ்சா ஆஸ்பத்திரி எப்படி ஓடும், யாரோ பின்னாடி பணம் குடுக்கிறாங்களா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கேக்க வேண்டிய கேள்விதாங்க. பேஷன்ட்ல பாதிக்கும் மேல இலவசமாவோ ரொம்பக் குறைஞ்ச செலவுலயோதான் பாக்குறாங்க, காசு குடுக்கிறவங்க குடுக்கிற காசுலயே இலவசமும் சேந்து ஓடுது. காசு குடுத்தா ரூம் கிடைக்கும், இலவசத்துல பாய்தான், அந்த வித்தியாசம் இருக்கு, ஆனா டாக்டருங்க ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாக்குறாங்க. கத்தி பிடிக்கிற கை ஒண்ணுதான்.

எப்படி முடியுதுன்னா வேலையை அடுக்கி வச்சிருக்கிற முறை அப்படி. ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள். ஒரு டேபிள்ல ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்தவரைப் படுக்க வச்சு, கண்ணைச் சுத்தம் பண்ணி, எல்லாம் தயாரா வச்சிருப்பாங்க, டாக்டர் இதை முடிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். இப்படி ஒரு டாக்டர் வருஷத்துக்கு சுமார் 2000 ஆபரேஷன் பண்றாங்க. அமெரிக்கா போனப்ப மெக்டொனால்ட்ஸ் கடையைப் பாத்து, எந்த ஊர் கடைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம், இதை ஏன் கண் வைத்தியத்துல பண்ண முடியாதுன்னு டாக்டர் வி யோசிச்சார். அந்தத் தயார்படுத்துற வேலை பூராவும் செய்றது கிராமத்துப் பொண்ணுங்க. ஸ்கூல் முடிச்சதும் எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து சிஸ்டரா ஆக்கிடுறாங்க. அவர் பேரைச் சொல்றப்ப அந்தப் பொண்ணுங்களையும் சேத்துச் சொல்லணுங்க, அவங்க இல்லாம டாக்டர் ரெண்டாவது டேபிளுக்குத் திரும்பவே முடியாது.

எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியிறது வேற ஒண்ணு. வருமானச் சான்றிதழ் கொண்டா, ரேஷன் கார்டைக் காட்டுன்னு யாரையும் கேக்குறதில்ல. எந்தப் பக்கம் போகணும்னு வர்றவங்களே முடிவு பண்ணிக்கலாம். நான் ஏழைன்னு ஒருத்தர் முன்னாடி நின்னு நிரூபிக்க வேண்டியதில்ல பாருங்க, அதை யோசிச்சு வச்ச மனுஷனை எப்படிப் பாராட்டுறதுன்னே தெரியல. அதே மாதிரி, ஆபரேஷன் இலவசம்னு சொன்னா மட்டும் ஜனங்க வரமாட்டாங்கன்னும் ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க. பஸ்ஸுக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, கூட வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போயிடும், இதெல்லாம் சேந்தா இலவசமே செலவாகிடும் இல்லையா. அதனால முகாம்ல இருந்தே பஸ்ல ஏத்திட்டுப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிச்சுத் திரும்பக் கொண்டுவந்து விடுறது வரைக்கும் அவங்க பொறுப்பு.

கேள்வி: சின்ன வயசுல எங்க தெருவுல நாலஞ்சு தாத்தா பாட்டி சோடாபுட்டி கண்ணாடி போட்டிருப்பாங்க. இப்ப அந்த மாதிரி யாரையும் பாக்க முடியலையே, ஏன் அக்கா?
(வாசகி, மானாமதுரை)

பதில்: எங்க அப்பத்தாவை ஞாபகப்படுத்திட்டீங்க. 80-கள்ல அவங்களுக்குப் புரை ஆபரேஷன் ஆச்சு. அப்பல்லாம் புரை விழுந்த லென்ஸை மொத்தமா எடுத்துடுவாங்க, அதுக்குப் பதிலா உள்ள எதுவும் வைக்கிறதில்ல, வெளிய தடிக் கண்ணாடிதான். அதைப் போட்டா எல்லாமே பெருசா, கிட்டக்க தெரியும். அப்பத்தா வாசப்படி இறங்குறப்ப காலை முன்னாடி நீட்டித் தரை எங்க இருக்குன்னு துழாவித் துழாவித்தான் வைப்பாங்க. செம்பை எடுக்கப் போனா கை செம்புக்கு முன்னாடியே மூடிடும். கண்ணாடி உடைஞ்சா அன்னிக்கே திரும்பக் குருடு, அதனால ரெண்டு காம்புலயும் கறுப்பு நூலைக் கட்டிக் கழுத்துல மாட்டியிருப்பாங்க, குளிக்கிறப்பகூடக் கழட்டி என் கையிலதான் குடுப்பாங்க, வேற யாரையும் தொட விடமாட்டாங்க.

கண்ணுக்குள்ளயே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல வந்துடுச்சு, ஆனா ஒரு லென்ஸ் நூறு டாலர் கணக்குல வித்துது, நம்ம ஊர் ஏழைக்கு அது கனவு. காசு குடுக்கிறவங்களுக்கு லென்ஸ், இலவசத்துக்கு சோடாபுட்டின்னு இருக்கக் கூடாதுன்னு 1992-ல அரவிந்த்காரங்க மதுரையிலயே ஆரோலேப்னு ஆரம்பிச்சு லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கிட்டாங்க. அமெரிக்காவுல இருந்து டேவிட் கிரீன்னு ஒருத்தரும், சேவா ஃபவுண்டேஷன்ங்கிற தொண்டு நிறுவனமும் அதுக்கு ரொம்ப உதவினாங்க. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்குச்சு. இன்னிக்கு மதுரையில செஞ்ச லென்ஸ் நூறு நாட்டுக்கும் மேல போகுது. உங்க தெருவுல சோடாபுட்டி காணாமப் போனதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்பத்தாவுக்கு அந்த லென்ஸ் கிடைக்கல. பத்து வருஷம் தள்ளிப் புரை வந்திருந்தா படியைத் துழாவியிருக்க வேண்டாம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரைன்னு சொல்லிட்டாங்க. "கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன், இன்னும் முத்தட்டும்"னு ரெண்டு வருஷமா அடம் பிடிக்கிறாங்க. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?
(வாசகி, உசிலம்பட்டி)

பதில்: முத்தட்டும்ங்கிறது பழைய காலத்துப் பேச்சும்மா. இப்ப அதுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, ரொம்ப முத்தவிட்டா ஆபரேஷன்தான் கஷ்டமாகும், சிலருக்குக் கண்ணுல பிரஷர் ஏறிப் பார்வையே போற ஆபத்தும் இருக்கு. மரத்துப் போக மருந்தோ ஊசியோ போட்டுத்தான் செய்வாங்க, வலி பெருசா தெரியாது, சாதாரணப் புரைன்னா பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். சுகர், பிரஷர் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல தொடமாட்டாங்க, ஒண்ணு முடிஞ்சு பார்வை வந்ததும் அடுத்ததுக்கு அவங்களே எப்பன்னு கேப்பாங்க பாருங்க. அப்புறம் சொட்டு மருந்தை நேரந்தவறாம விடணும், டாக்டர் சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்தக் கூடாது, அடுப்புப் புகை கிட்ட விடாதீங்க.

உங்க தெருவுல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட யாராவது ஒரு அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுப் பேச விடுங்க. நாம நூறு தடவை சொல்றதைவிட அவங்க ஒரு தடவை "அரிசியில கல்லு தெரியுதுடி"ன்னு சொன்னாப் போதும், கிளம்பிடுவாங்க.