கன்சோல் கம்பெனியை நம்பலாமா?

கேள்வி: புது கேம் கன்சோல் வாங்கப் போகிறேன். வேகம், படத்தின் தெளிவு, விலை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. கம்பெனியை நம்பலாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவரை அந்தக் கம்பெனி எப்படி நடத்தியது என்று பாருங்கள். பழுது எந்தக் கம்பெனியின் கன்சோலிலும் வரத்தான் செய்யும்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம். ஏராளமானோருக்கு அப்படி ஆனது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை 3 ஆண்டுகளாக நீட்டியது. அதற்கு முன்பே கைக்காசு போட்டு ரிப்பேர் செய்தவர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. செலவு 100 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு பெரிய கோளாறுக்குப் பிறகும் மக்கள் அந்தப் பெட்டியைக் கைவிடாததற்கு இது முக்கியமான காரணம் என்பேன்.

அதே கம்பெனி 2013-ல் தன் அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையச் சரிபார்ப்பு கட்டாயம் என்றது. கேம் டிஸ்க்கை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கட்டுப்பாடு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் மாதமே வாபஸ் வாங்கியது. ஆனால் அதற்குள் சோனி, இந்தத் தொல்லை எதுவும் இல்லாத ப்ளேஸ்டேஷன் 4-ஐ 100 டாலர் குறைவாக அறிவித்துவிட்டது.

சோனியும் சறுக்கியிருக்கிறது. ப்ளேஸ்டேஷன் 3-ல் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைப் போடும் வசதியை 2010-ல் ஒரு அப்டேட் மூலம் எடுத்துவிட்டது. அப்டேட் வேண்டாம் என்றால் ஆன்லைன் ஆட்டம் கிடையாது. கொடுத்ததைப் பிடுங்குவது பழுதைவிட மோசம், என்னைக் கேட்டால்.

நின்டெண்டோ 2011-ல் தன் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் விலையை 250 டாலரிலிருந்து 170-க்கு, வெளியான சில மாதங்களிலேயே இறக்கியது. முன்பே வாங்கியவர்கள் கொதிக்கும் முன், அவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகத் தந்தது.

சரி, இப்போது உங்கள் விஷயம். டிஸ்க் ட்ரைவ் இல்லாத மாடல் விலை குறைவுதான். ஆனால் கேமை விற்கவோ நண்பருக்குக் கொடுக்கவோ முடியாது, கம்பெனியின் ஆன்லைன் கடையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்கள் இரண்டுக்கும் அதன் ஆன்லைன் கடையில் புதிதாக வாங்குவது 2023 மார்ச்சோடு நின்றுபோனது. அப்புறம், கன்ட்ரோலர் ஸ்டிக்கைத் தொடாமலே ஆட்டத்தில் பாத்திரம் தானாக நகர்வதாக நீங்கள் பார்த்துவைத்த மாடலுக்குப் புகார்கள் இருந்தால், புகார் சொன்னவருக்குக் கிடைத்த பதிலைப் படியுங்கள்: இலவசமாக மாற்றித் தந்தார்களா, எத்தனை நாள் ஆனது, வாரண்டி முடிந்தவரிடம் என்ன சொன்னார்கள்.