ஊறல் நின்றால் வாலையைக் குறை சொல்லாதீர்கள்: வீட்டில் வடிப்போருக்கான கேள்வி-பதில்

நியூசிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே மதுவை வடித்துக்கொள்வதை 1996ஆம் ஆண்டின் சுங்க, கலால் சட்டம் அனுமதித்தது. 2018இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த அனுமதி தொடர்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு புட்டியைக்கூட விற்கக் கூடாது என்பது அதன் மறுபக்கம். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கியிருக்கும் அந்நாட்டுத் தமிழ் வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் கலனுக்கு வாலை என்று பெயர். ‘ஸ்டில்’ என்று கடைக்காரர் சொல்வதை இங்கும் வாலை என்றே குறிப்பிடுகிறோம். நொதிக்க வைத்த சர்க்கரைக் கரைசலுக்கு நம் ஊர்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘ஊறல்’ என்ற சொல்லே போதுமானது.

கேள்வி: முதன்முதலாக வாலை வாங்க இருக்கிறேன். மேசைமேல் வைக்கும் 4 லிட்டர் கருவி ஒன்றும், செப்புக் கம்பம் பொருத்திய 25 லிட்டர் கொதிகலன் ஒன்றும் கடையில் இருக்கின்றன. விலை வேறுபாடு மிகப் பெரிது. எதை வாங்கலாம்? (ஆக்லாந்து வாசகர்)

இரண்டும் செய்யும் வேலையே வேறு என்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்ய இயலாது. 4 லிட்டர் கருவி மின்விசிறியால் குளிர்விக்கப்படுகிறது. தண்ணீர்க் குழாய் இணைப்பு எதுவும் அதற்குத் தேவையில்லை. ஆனால் 25 லிட்டர் ஊறலை அதில் வடித்து முடிக்க ஆறு, ஏழு தடவை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கம்பம் பொருத்திய கலனிலோ ஆவி மேலேறும் வழியில் மீண்டும் மீண்டும் குளிர்ந்து, கீழிறங்கி, மறுபடியும் ஆவியாவதால் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட செறிவுள்ள சாராயம் ஒரே வடிப்பில் கிடைக்கும். வோட்கா, ஜின் போன்றவற்றுக்கு அது பொருத்தமானது; மூலப்பொருளின் மணம் நிற்க வேண்டிய ரம், விஸ்கி போன்றவற்றுக்குக் கம்பமில்லாத சாதாரணப் பானை வாலையே நல்லது. பெரிய கலனுக்கு இடைவிடாமல் தண்ணீர் ஓட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தண்ணீருக்கு மீட்டர் வைத்திருக்கும் வீட்டில் அது தனிச் செலவு.

என் பரிந்துரை, சிறிய கருவியை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அளவுக் கருவிகளில் போடுங்கள் என்பதே. தண்ணீரை 1.000 என்று கொண்டு ஊறலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அதற்குரிய உயரமான குழல், வெப்பமானி, அமிலத்தன்மை பார்க்கும் தாள், சமையலறைத் தராசு ஆகிய ஐந்தும் சேர்ந்தாலும் பெரிய வாலையின் விலையில் சிறு பங்குதான் ஆகும். வாலை ஊறலில் உள்ளதைப் பிரித்துச் செறிவாக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. ஊறலில் நேர்ந்த பிழையையும் அது சேர்த்தே செறிவாக்கிக் கொடுக்கும். தொடக்கத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வாலைக்கு வருமுன்பே, நொதிகலனிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

கடையில் ஹைட்ரோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால்மீட்டர் என்று இன்னொரு கண்ணாடிக் குச்சி தொங்கும். அது தண்ணீரும் சாராயமும் மட்டும் கலந்த வடிநீருக்கானது. ஊறலில் போட்டால் பொய் சொல்லும். இதைத் தெரியாமல் நானே ஒருமுறை முடிந்த ஊறலில் அதை மிதக்கவிட்டேன். 13 விழுக்காடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் 7 என்று காட்டியது. ஈஸ்ட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி 25 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினேன். ஊறலில் கரைந்து நிற்கும் மற்றப் பொருள்கள் அடர்த்தியைக் கூட்டிக் காட்டின என்பது பிறகுதான் புரிந்தது.

கேள்வி: 25 லிட்டர் ஊறலில் 8 கிலோ சர்க்கரையும் ஒரு பொட்டலம் டர்போ ஈஸ்டும் (ஊட்ட உப்புகள் சேர்த்த வீரிய ஈஸ்ட்) போட்டேன். நான்கு நாள் நன்றாகக் குமிழி வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஹைட்ரோமீட்டர் 1.030 காட்டுகிறது. ஈஸ்ட் பழையது என்று கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (டனீடன் வாசகர்)

கேட்பதற்கு முன் சிறிது கணக்குப் பார்ப்போம். 25 லிட்டரில் 8 கிலோ என்றால் லிட்டருக்கு 320 கிராம். தொடக்க அளவு ஏறத்தாழ 1.120 இருந்திருக்கும். அங்கிருந்து 1.030 வரை இறங்கியிருக்கிறது என்றால் 0.090 குறைந்திருக்கிறது. அதை 131ஆல் பெருக்கினால் 11.8 விழுக்காடு சாராயம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது என்று தெரியும். செத்த ஈஸ்ட் இவ்வளவு வேலை செய்திருக்காது. ஆகவே கடைக்காரர் மீது குற்றமில்லை.

முதலில், அளவு சரியா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரத்தில் கசிந்து போய்க்கொண்டிருக்கும், குமிழியும் வராது. குழலில் ஊறலை எடுத்து, இரண்டு மூன்று முறை ஒரு குவளைக்கும் குழலுக்குமாக மாற்றி ஊற்றி, கரைந்திருக்கும் வாயுவை வெளியேற்றுங்கள். ஹைட்ரோமீட்டரை அதில் விட்டு, இரு விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் தண்டில் ஒட்டிய குமிழிகள் உதிரும். அவை ஒட்டியிருந்தால் கருவியைத் தூக்கிப் பிடித்து, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, தண்டோரம் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, சமமான மட்டத்தைப் படியுங்கள். பெரும்பாலான கருவிகள் 20 பாகை செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. சர்க்கரையைக் கரைத்த சூட்டோடு 40 பாகையில் அளந்தால் ஏறத்தாழ 0.006 குறைத்துக் காட்டும். ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாகவே இருந்தால்தான் ஊறல் நின்றுவிட்டது என்று பொருள்.

உண்மையாகவே நின்றிருந்தால் மூன்று காரணங்களை ஐயுறலாம். தெற்குத் தீவின் குளிர்காலத்தில் சூடேற்றாத, கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்திருந்தால் குளிர் முதற்காரணம். முதல் இரண்டு நாள் ஈஸ்டே வெப்பத்தை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். வேகம் தணிந்ததும் கலன் சட்டென்று குளிர்ந்து ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிடும். கலனைப் போர்வையால் சுற்றி, வெப்பத் தட்டின் மேல் வைத்து 22 முதல் 24 பாகைக்குக் கொண்டுவந்து, படிந்த மண்டி எழும்படி மெதுவாகக் கிளறிவிடுங்கள். காற்று புகும்படி அடித்துக் கலக்க வேண்டாம். ஈஸ்டுக்குக் காற்று தேவைப்படுவது தொடக்கத்தில் மட்டும்தான்.

இரண்டாவது, அமிலம். வெறும் சர்க்கரை ஊறலில் அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் பொருள் ஏதுமில்லாததால், நொதிக்க நொதிக்க அதன் பி.எச். அளவு 3க்கும் கீழே இறங்கி ஈஸ்டை முடக்கிவிடும். தாளில் பாருங்கள், 3ஐ ஒட்டி இருந்தால் உணவுத் தரக் கால்சியம் கார்பனேட்டைக் கால் தேக்கரண்டி வீதம் போட்டு, நுரை அடங்கிய பின் மறுபடியும் சோதித்து, 4க்கு மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். சிலர் சிப்பி ஓட்டுத் துண்டுகளைத் துணியில் கட்டி முதலிலேயே ஊறலில் தொங்கவிடுகிறார்கள். அமிலம் ஏறும்போது மட்டும் அது கரையும் என்பதால் எனக்கு அந்த முறை பிடிக்கும்.

மூன்றாவது, சர்க்கரை மிகை. இதுதான் உங்கள் ஊறலின் அடிப்படைக் குறை என்று நினைக்கிறேன். 8 கிலோ முழுவதும் நொதித்தால் 18 விழுக்காடு வரும் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் வெப்பநிலையைச் சிறிதும் பிசகவிடாதவருக்கே அது வாய்க்கும். அடுத்த முறை அதே 25 லிட்டருக்கு 6 கிலோ போடுங்கள். 1.090இல் தொடங்கி 0.990இல் முடிந்து 13 விழுக்காடு தரும். வாசனையும் குறைவாக இருக்கும்.

இப்போதுள்ள ஊறலில் இன்னொரு டர்போ பொட்டலத்தைக் கொட்ட வேண்டாம். அதிலுள்ள ஊட்ட உப்புகள் இரட்டிப்பாகுமே ஒழிய, 11.8 விழுக்காடு சாராயத்தில் திடீரென்று விழும் புது ஈஸ்ட் பிழைக்காது. வேறு ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் நுரைக்கவிட்டு, நின்ற ஊறலை மணிக்கொரு குவளையாக அதில் சேர்த்துப் பழக்கி, பிறகு கலனில் ஊற்றலாம். அதுவும் பலிக்காவிட்டால் அப்படியே வடித்துக்கொள்ளலாம். எஞ்சிய சர்க்கரை கொதிகலனின் சூடேற்றியில் அடிப்பிடிக்கும் என்பதால் மெதுவான சூட்டில் வடியுங்கள்.

கேள்வி: வடித்த சாராயத்தில் அழுகிய முட்டை நாற்றமும், அதற்குப் பின்னால் தீய்ந்த வாடையும் வருகின்றன. கடைசியில் இறங்கியதில் இளநீல நிறம் தெரிகிறது. கருவி பழுதா? (ஹாமில்டன் வாசகர்)

மூன்றுக்கும் மூன்று காரணங்கள். முட்டை நாற்றம், நைட்ரஜன் ஊட்டம் போதாமல் ஈஸ்ட் வெளிவிடும் கந்தக வாயுவால் வருவது. ஆவி செல்லும் வழியில் செம்பு இருந்தால் அது கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே செம்புக் கம்பியைச் சுருட்டிக் கம்பத்தில் வைக்கிறார்கள். அது கறுத்துவிட்டால் எலுமிச்சை உப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் மீண்டும் வேலை செய்யும். தீய்ந்த வாடை, மண்டி தெளியும் முன்பே வடித்ததால் ஈஸ்ட் சூடேற்றியில் ஒட்டிக் கருகியதன் விளைவு. ஊறலைக் குளிர்ந்த இடத்தில் சில நாள் வைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் குழாயால் இறுத்து எடுங்கள்.

இளநீலம்தான் கவனிக்க வேண்டியது. ஊட்ட உப்பு மிகையாகிப் போனால் அதிலிருந்து அம்மோனியா எழுந்து செம்பைத் தின்று, வடிநீரோடு இறங்கும். அப்படி நிறம் தெரிந்த பகுதியைக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். கருவியில் பழுதில்லை. வாங்கி ஒரு மாதத்துக்குள் வெல்டிங் இணைப்பு கசிந்தாலோ சூடேற்றி எரிந்துபோனாலோ அது வேறு கதை: நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், 1993 விற்பனையாளரைத்தான் பொறுப்பாக்குகிறது. ‘உற்பத்தியாளருக்கு எழுதுங்கள்’ என்று அவர் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

கேள்வி: ட்ரேட் மீ இணைய விற்பனைத் தளத்தில் தனிநபர் ஒருவரிடம் பழைய வாலை வாங்கினேன். ‘முழுவதும் உணவுத் தரம்’ என்று விளம்பரத்தில் இருந்தது. வந்து பார்த்தால் இணைப்புகளில் சாம்பல் நிறப் பற்றாசு, ஒரு பித்தளைத் திருகு, ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய். விற்றவர் பதிலே சொல்லவில்லை. (வெலிங்டன் வாசகர்)

அதை இன்னும் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பழைய பற்றாசிலும் குழாய் வேலைக்கான பித்தளையிலும் ஈயம் இருக்கக்கூடும். சூடான சாராய ஆவி அதைக் கரைத்துக் கொண்டுவரும். ஈயத்துக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. அமெரிக்காவில் பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் கலனாக வைத்துத் திருட்டுச் சாராயம் காய்ச்சியவர்களால் ஈய நச்சு பரவியது மருத்துவ வரலாற்றில் பதிவானது. பற்றாசின் தன்மை தெரியாத வாலையைத் தண்ணீர் வடிக்கவும் பயன்படுத்த வேண்டாம். பிளாஸ்டிக் குழாயை உணவுத் தர எஃகாலோ செம்பாலோ மாற்றிவிடலாம். பற்றாசு வைத்த இணைப்புகளை அறுத்து, ஈயமில்லாத பற்றாசால் மறுபடியும் பற்றவைக்க ஆகும் செலவுக்குப் பெரும்பாலும் புதியதே வாங்கிவிடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, வணிகரல்லாத தனிநபரிடம் வாங்கியதற்கு மேலே சொன்ன 1993ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆனால் விளம்பரத்தில் சொன்னது உண்மையில்லை என்பதால் 2017ஆம் ஆண்டின் ஒப்பந்த, வணிகச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்க இடமுண்டு. விளம்பரம் மறையும் முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து மூலமாக ஒருமுறை கேளுங்கள். பிறகு தகராறு தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் இதையே தொழிலாகக் கொண்டு பல கருவிகளை விற்பவர் என்று தெரிந்தால் அவர் வணிகராகவே கருதப்படுவார். அப்போது முந்தைய சட்டமே உங்கள் பக்கம் நிற்கும்.

கேள்வி: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் படித்ததிலிருந்து என் மனைவி இதற்குச் சம்மதிக்கவில்லை. வீட்டில் வடித்தால் மெத்தனால் வராதா? (ஆக்லாந்து வாசகர்)

கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது சாராயத்தில் மெத்தனால் கலந்து விற்கப்பட்டதால். ஈஸ்ட் உண்டாக்கியதால் அல்ல. நொதித்தலில் மெத்தனால் பழத்தோல், சதை ஆகியவற்றிலுள்ள பெக்டினிலிருந்து வருகிறது. வெறும் சர்க்கரை ஊறலில் பெக்டின் இல்லாததால் அது மிக மிகக் குறைவு. முதலில் இறங்கும் பகுதியைக் கொட்டிவிட்டால் மெத்தனால் முழுவதும் போய்விடும் என்று சொல்லப்படுவதும் சரியில்லை. தண்ணீரும் சாராயமும் கலந்த கொதிப்பில் அது அப்படி வரிசையாகப் பிரிந்து வருவதில்லை. ஆனாலும் 25 லிட்டர் ஊறலுக்கு முதல் 100 மில்லியைக் கொட்டிவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியின் நெடியுள்ள எத்தில் அசிடேட்டும் அசிட்டால்டிஹைடும் அதில்தான் சேர்கின்றன. தீக்குச்சி கொளுத்தி, சுடரின் நிறத்தைப் பார்த்து மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் மனைவி அஞ்ச வேண்டியது தீ விபத்துக்கு. 40 விழுக்காட்டுச் சாராயமே 26 பாகை அளவிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். வாலையிலிருந்து வருவது அதைவிடச் செறிவானது. கேஸ் அடுப்பு வேண்டாம். வடிநீரைக் கண்ணாடியிலோ எஃகிலோ பிடியுங்கள். குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே அருகிலேயே இருங்கள். ஆவி வெளியேறும் வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். கலனை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கிக் கம்பத்துக்குள் ஏறிவிடும்.

கேள்வி: கருவியை விடுமுறையில் மதுரைக்குக் கொண்டுபோகலாமா? மெல்பனில் இருக்கும் என் அண்ணனும் ஒன்று வாங்கித் தரச் சொல்கிறார். (கிறைஸ்ட்சர்ச் வாசகர்)

மதுரையில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 நடப்பில் இருக்கிறது. அங்கே சாராயம் வடிப்பது குற்றம், அதற்கான கருவியை வைத்திருப்பதும் குற்றம். ஆஸ்திரேலியாவில் 5 லிட்டர் வரையுள்ள வாலையை அனுமதியின்றி வைத்திருக்கலாம். ஆனால் எவ்வளவு சிறிய கலனானாலும் அதில் மது வடிக்கக் கலால் உரிமம் வேண்டும். தங்கள் அண்ணன் அதில் பன்னீர் இறக்கிக்கொள்ளலாம்.