பக்கத்து வீட்டு பேஸ்மெண்ட் முழுக்க பீர் விளம்பரமா? தாராளமா போங்க தம்பி

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் வந்து முதல் டிசம்பர், பக்கத்து வீட்டுப் பெரியவர் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கார், அவர் பேஸ்மெண்ட்ல சுவர் முழுக்க பனியில குதிரை வண்டி போற பழைய பட்வைசர் போர்டு, அலமாரி முழுக்க பீர் மக்கு, நாங்க குடிக்காத குடும்பம், குழந்தையோட போகலாமா, பீர் விளம்பரத்தப் போய் ஏன் பண்டிகை அலங்காரமா வைக்கிறாங்கன்னு கேட்டிருந்தீங்க.

கண்டிப்பா போங்க. உங்களுக்கு நெருடுறது நியாயம்தான், நம்ம ஊர்ல டிவில சாராய விளம்பரம் நேரா வராது, சோடா, மினரல் வாட்டர்னு பேர மாத்திக்கிட்டு வரும், குடின்னாலே டாஸ்மாக் வாசல்தான் கண்ணு முன்னாடி நிக்கும். பட்வைசர் பீர் செய்யற ஆன்ஹைசர் புஷ் இந்த ஊர்க் கம்பெனி, இங்க நிறைய வீட்டுக்கு அது அப்பாவும் தாத்தாவும் வேலை பாத்த இடம். குடிக்கிறதுக்காக மாட்டின படம்னு மட்டும் எடுத்துக்காதீங்க.

அந்தக் குதிரைங்க கதைய தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லா பேசலாம். 1920லேர்ந்து அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு, பீர் கம்பெனிங்க பாதிக்கு மேல காணாமப் போச்சு, மிச்சம் இருந்ததுங்க ஈஸ்ட், சோடான்னு வித்து உயிரப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. 1933 ஏப்ரல் 7ல லேசான பீருக்கு மட்டும் அனுமதி கிடைச்சப்ப, ஆன்ஹைசர் புஷ் முதலாளியோட பசங்க ரெண்டு பேரும் அப்பாவ 'புது கார் நிக்குது வந்து பாருங்க'ன்னு வெளிய கூட்டிட்டு வந்தாங்களாம், அங்க நின்னது கிளைட்ஸ்டேல்ங்கற பெரிய ஜாதிக் குதிரைங்க பூட்டின செவப்பு பீர் வண்டி. இன்னொரு வண்டி நியூயார்க் போயி அங்க முன்னாடி கவர்னரா இருந்த ஆல் ஸ்மித்துக்கு பீர் குடுத்துச்சு, மதுவிலக்க எதிர்த்துப் பேசினவர் அவர். அந்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி நாட்டளவுல மதுவிலக்கே எடுபட்டுச்சு, அப்ப 1933 கிறிஸ்மஸ் இவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. குதிரை, பனி, கிறிஸ்மஸ் மூணும் இந்த ஊர்க்காரங்க மனசுல ஒண்ணா ஒட்டிக்கிட்டதுக்கு டிவில வருஷா வருஷம் வந்த, இந்தக் குதிரைங்க பனியில சறுக்கு வண்டி இழுத்துட்டுப் போற விளம்பரமும் பெரிய காரணம்.

வியாபாரக் கணக்கும் இருக்கு. பீர் வெயில் காலத்துச் சரக்கு, குளிர்ல விற்பனை படுத்துரும், அதனால பண்டிகையோட அத முடிச்சுப் போட வேண்டியிருந்துச்சு. 1935ல கேன் பீர் வந்தப்புறம் வீட்டுக்கு வாங்கிட்டுப் போறதும் சுலபமாச்சு. 1945லேர்ந்து 1956 வரைக்கும் பீர் கம்பெனிங்க சங்கம் பத்திரிகைகள்ல ஒரு பெரிய ஓவியத் தொடர் போட்டாங்க, பீர் நம்ம வீட்டுக்குச் சொந்தமான பொருள்ங்கற மாதிரி வாசகத்தோட, டக்ளஸ் கிராக்வெல் மாதிரி நல்ல ஓவியர்கள் வரைஞ்சது, வீட்டு ஹால், விருந்தாளி, குளிர்காலக் காட்சின்னு பாத்தாலே உள்ள போய் உக்காரணும்போல இருக்கும். மதுவிலக்கு திரும்பி வந்துரக் கூடாதுன்னு பயந்து, பீர சாராயக் கடையிலேர்ந்து குடும்ப நடுவுல கொண்டு வந்து வைக்கிற வேலை அது. அழகுதான், ஆனா அதுல வர்ற முகம் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளைக்காரங்க முகம், இந்த ஊர்லயே தலைமுறையா இருக்கிற கறுப்பினக் குடும்பங்களக் கூட அந்த ஹால்ல பாக்க முடியாது, எனக்கு அத மறந்துட்டு ரசிக்க முடியல.

அலமாரில இருக்கிற மக்கு 1980லேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணுன்னு கம்பெனி விட்ட ஹாலிடே ஸ்டெய்ன், அதாவது பண்டிகை பீர் குவளை, நிறைய பிரேசில்ல செஞ்சது. கல்யாணம் ஆன வருஷம், பிள்ளை பொறந்த வருஷம்னு பாத்து வச்சிருப்பாங்க, 'எது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது'ன்னு கேளுங்க, பெரியவர் மனசு விட்டுப் பேசுவார். 2008ல கம்பெனி பெல்ஜியம் கைக்குப் போனத மட்டும் நீங்களா எடுக்காதீங்க, இங்க பல வீட்ல அது இன்னும் ஆறாத வருத்தம்.

பீர் நீட்டினா 'வேணாம், நாங்க குடிக்கிறதில்ல'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாப் போதும், காரணம் சொல்ல வேணாம், பெரும்பாலும் யாரும் வற்புறுத்த மாட்டாங்க. ரூட் பீர் குடுத்தா பயப்படாதீங்க, பேர்லதான் பீர், அது சோடா, குழந்தைக்கும் குடுக்கலாம். ஒயின் வாங்கிட்டுப் போகணும்னு அவசியம் இல்ல, வீட்ல சுட்ட முறுக்கு ஒரு டப்பா போதும். ஆறு மணின்னு சொன்னா ஆறுக்குப் போயிருங்க. குழந்தைக்குக் குதிரை பிடிச்சிருந்தா அடுத்த வாரம் கம்பெனியோட ப்ரூவரி, அதான் பீர் ஆலை, அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க, லாயத்துல கிளைட்ஸ்டேல நேர்லயே பாக்கலாம், டிசம்பர்ல அங்க லைட்டும் போட்டிருப்பாங்க. சாயங்காலம் குளிர் வாட்டும், குல்லா கையுறை எடுத்துக்கோங்க.