குண்டுச் சில்லு தொடையில், பதிவில் வெறும் ‘இன்ஜுரி’: முன்னாள் படைவீரர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. சண்டையில் பட்ட காயம் உடம்பில் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. ராணுவத்தில் 24 வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். இந்தத் தவறு எந்த மேசையில், எப்படி நடக்கிறது என்று கூட இருந்து பார்த்தவன். அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

1987 அக்டோபரில் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனேன். மோர்ட்டார் சில்லு இடது தொடையில் பாய்ந்தது. பலாலியில் கட்டுப் போட்டு சென்னைக்கு அனுப்பினார்கள். 1998இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். சாதாரண ஊனப் பென்ஷன் வருகிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘இன்ஜுரி, லெஃப்ட் தை’ என்று மட்டும் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்துத் திருத்த முடியுமா? – ராயபுரம்

முடியும் ஐயா. ஆனால் முதலில் எந்தத் தாளில் தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம் கடைசியில் எழுதப்படுவது. அதில் இருப்பது முன்னால் எழுதிய தாள்களின் நகல்தான்.

ஒரு ஜவானுக்கு அடிபட்டால் யூனிட்டில் இருந்து முதலில் ஒரு சிக்னல் போகும். அதை வைத்து, வீரரின் பதிவேட்டில் ஏறும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவு வெளியாகும். அதில் ‘பேட்டில் கேஷுவல்டி’ என்று இருந்தால் அது போர்க் காயம். ‘ஃபிசிக்கல் கேஷுவல்டி’ என்று இருந்தால் மற்ற காயங்களோடு சேர்ந்துவிடும். மருத்துவ போர்டும் பென்ஷன் ஆபீஸும் அந்தச் சொல்லைத்தான் பார்க்கும். யாரும் மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போய் விசாரிக்க மாட்டார்கள்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், வயர்லெஸ்ஸில் இரைச்சலுக்கு நடுவே ஒரு செய்தி வந்தது. கையெறி குண்டு வெடித்ததில் ஒருவருக்குக் கையில் காயம். ‘வெடித்தது’ என்று எழுதினேன். யார் எறிந்த குண்டு என்று கேட்டு எழுதவில்லை. அந்த ஒரு வரியால் அந்த மனிதர் பதினோரு வருடம் மனு மேல் மனுவாகப் போட்டார். அவருக்காக நானும் சாட்சி எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஆர்மி நம்பரைப் போட்டு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு. கேட்க வேண்டியவை: ஷீட் ரோல் (உங்கள் சேவை முழுவதையும் சொல்லும் பதிவு), காயம் பற்றிய பார்ட் டூ ஆர்டர், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் குறிப்பு, ஓய்வு பெறும்போது நடந்த மருத்துவ போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவம். எல்லாவற்றிலும் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வரும் தாள்களில் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காய அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அது சாதாரணக் காயங்களுக்கான படிவம். சண்டையில் பட்ட காயத்துக்கு அது போட வேண்டியதில்லை என்பதே ராணுவ விதி. உங்கள் கோப்பில் அது இருந்தால், யாரோ ஒருவர் அந்த நாளிலேயே உங்கள் காயத்தை விபத்துக் கணக்கில் தள்ளிவிட்டார் என்று அர்த்தம். அங்கேதான் நீங்கள் விரல் வைக்க வேண்டும்.

அப்புறம் மனு. ‘நாட்டுக்காக ரத்தம் சிந்தினேன், நியாயம் வேண்டும்’ என்று நான்கு பக்கம் எழுதி வருகிறார்கள். அந்த வேதனை உண்மை. ஆனால் ரெக்கார்ட்ஸில் இருக்கும் கிளார்க்குக்கு அதை வைத்துச் செய்ய எதுவும் இல்லை. இன்ன தேதி, இன்ன எண் பார்ட் டூ ஆர்டரில் ஃபிசிக்கல் கேஷுவல்டி என்று இருப்பதை பேட்டில் கேஷுவல்டி என்று மாற்றி புதிய ஆர்டர் வெளியிடவும், அதன்படி பென்ஷனைத் திருத்தவும் என்று ஒரே பத்தியில் கேளுங்கள். நம் நாட்டில் ராணுவப் பதிவைத் திருத்துவதற்கென்று தனி வாரியம் கிடையாது. மனு ரெக்கார்ட்ஸ் வழியாக ராணுவத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளைக்குப் போகும். அங்கே மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதம் ஊனமும் மரணமும் நேர்ந்த சூழலை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வெளிநாட்டில் அமைதி காக்கப் போன படையின் நடவடிக்கை என்பது போர்க் காய பென்ஷனுக்கான ‘இ’ வகையில் பெயர் சொல்லியே இருக்கிறது. மனுவில் அந்தக் கடிதத்தைக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. அமைதிப்படையில் இருந்ததை வெளியே சொல்லவே தயங்கும் தமிழ் வீரர்கள் நம் பகுதியில் பலர். அந்தப் போர் பற்றி நமக்குள் இருக்கும் வலியும் விவாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அனுப்பப்பட்ட இடத்தில் உங்களுக்குப் பட்ட காயம் அந்த விவாதம் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தயங்காமல் எழுதுங்கள் ஐயா.

போர்க் காய பென்ஷனும் சாதாரண ஊனப் பென்ஷனும் தொகையில் எவ்வளவு வித்தியாசம்? சண்டையில் காயம்பட்டவருக்குத் தரும் பராக்ரம் பதக்கம் கிடைத்தால் பென்ஷன் தானாக மாறுமா? – கொடுங்கையூர்

2001 கடிதப்படி, சர்வீஸ் முடித்து வெளியே வந்தவருக்கு 100 சதவீத ஊனம் என்றால், சாதாரண ஊனத் தொகை கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க் காயத் தொகை 60 சதவீதம், அதாவது இரு மடங்கு. சம்பளம் 20,000, ஊனம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முன்னது 3,000 ரூபாய், பின்னது 6,000 ரூபாய். காயத்தால் பாதியிலேயே வெளியே அனுப்பப்பட்டவருக்குக் கணக்கு இன்னும் உயரும்.

ஊன சதவீதத்தையும் சரிபாருங்கள். 20 முதல் 49 வரை இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் இதைப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மற்றவர்களுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது.

பதக்கம் வேறு, பென்ஷன் வேறு. பதக்கம் எதிரியின் நேரடி நடவடிக்கையில் பட்ட காயத்துக்கு மட்டும். பென்ஷனுக்கான ‘இ’ வகை அதைவிட அகலம். கண்ணிவெடி அகற்றும்போது வெடித்தாலும் அதில் சேரும். அதனால் ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. ஆனால் பதக்கம் பற்றிய பதிவு ஷீட் ரோலில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

காஷ்மீரில் குப்வாராவில் முன்னணி போஸ்ட்டுக்கு ரேஷன் ஏற்றிப் போன லாரி பள்ளத்தில் உருண்டது. எனக்குக் கால் முறிந்தது. குண்டு படவில்லை. இது போர்க் காயமா? – திருவொற்றியூர்

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் இது தம்பி. ஆனால் ‘விபத்து’ என்ற சொல் இருப்பதாலேயே கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில், அறிவிக்கப்பட்ட ஆபரேஷனில், அந்த ஆபரேஷனுக்கான வேலையில் இருந்தீர்களா என்பதே கேள்வி. அன்றைய மூவ்மென்ட் ஆர்டரையும் (பயண உத்தரவு), ராணுவ விசாரணையான கோர்ட் ஆஃப் என்கொயரியின் நகலையும் வாங்குங்கள். அதே போஸ்ட்டில் வாலிபால் ஆடும்போது கால் முறிந்திருந்தால் வேண்டாம், வீண் அலைச்சல் என்று சொல்லியிருப்பேன்.

2024 டிசம்பரில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்கு உதவலாம். எல்லைக் கோட்டில் ரோந்து போனபோது கடுங்குளிரில் உடல்நிலை கெட்டு இறந்த ஒரு வீரரின் மனைவி பற்றியது. முதலில் பேட்டில் கேஷுவல்டி என்று எழுதி, பிறகு ஃபிசிக்கல் என்று மாற்றிவிட்டார்கள். தீர்ப்பாயம் அந்த அம்மாவுக்குச் சாதகமாகச் சொன்னதை எதிர்த்து அரசு அப்பீல் போனது. நீதிமன்றம் அப்பீலைத் தள்ளி, அவரை நீதிமன்றத்துக்கு இழுத்ததற்காக 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. பராக்ரம் பதக்கத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எதிரியின் கை இதில் இல்லை.

அப்பா 1971 போரில் காயம்பட்டவர். பென்ஷன் வாங்கிவந்தார், போன வருடம் காலமானார். ரெக்கார்ட்ஸுக்கு எழுதினால் ‘ஆஸ்பத்திரி ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டன, மனுவும் காலதாமதம்’ என்று பதில். அம்மாவுக்கு 76 வயது. விட்டுவிடலாமா? – வியாசர்பாடி

விட வேண்டாம் அம்மா. ஆஸ்பத்திரித் தாள் அழிந்தாலும் ஷீட் ரோல் பெரும்பாலும் இருக்கும். அதன் நகலைத் தனியாகக் கேளுங்கள். அப்பாவின் டிரங்க் பெட்டியைப் பொறுமையாகத் தேடுங்கள். காயம்பட்ட செய்தி சொல்லி வீட்டுக்கு வந்த தந்தி, ஆஸ்பத்திரியில் இருந்து எழுதிய இன்லண்ட் கடிதம், பழைய எக்ஸ்ரே, கட்டோடு எடுத்த போட்டோ எதுவானாலும் சரி. மூலக்கொத்தளத்தில் ஒரு குடும்பத்துக்கு மாமியார் பத்திரமாக வைத்திருந்த தந்தி ஒன்றுதான் உதவியது. அப்பாவோடு அந்த நாளில் இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் உடனே அவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். தேதி, இடம், தான் கண்ணால் பார்த்தது, இவ்வளவு போதும். இதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். 1971இல் இருபது வயதானவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

காலதாமதம் என்ற பதில் கடைசிச் சொல் அல்ல. பென்ஷன் குறைவாக வருவது மாதாமாதம் தொடரும் தவறு என்று தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பாக்கித் தொகை வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். 1971இல் இருந்து கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம். அப்பா உயிரோடு இருந்த மாதங்களுக்கான பாக்கியை அம்மா கேட்கலாம். மறுப்புக் கடிதத்தின் தேதியில் இருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போவதுதான் விதி. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு சேர்க்க வேண்டும்.

பாக்கித் தொகையில் 25 சதவீதம் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டையும் கேட்கிறார். – தண்டையார்பேட்டை

கொடுக்காதீர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவி கேட்டால் காசு கிடையாது. வழக்கு என்றால் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுங்கள், அதற்கு ரசீது வாங்குங்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை, ஓ.டி.பி. மூன்றும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. ஏற்கெனவே பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

கணவருக்கு முதுகு வலி. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். கார்கிலில் பட்ட சில்லு இடுப்பில் இன்னும் இருக்கிறது. பதிவில் அந்தக் காயமே இல்லை. – பழைய வண்ணாரப்பேட்டை

அம்மா, பதிவை அப்புறம் பார்க்கலாம். முதலில், உடம்பில் இரும்புச் சில்லு இருக்கிறது என்று டாக்டரிடமும் ஸ்கேன் எடுப்பவரிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. என்பது பலமான காந்தம். உள்ளே இருக்கும் உலோகம் நகரலாம், சூடாகலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்து சில்லு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, சி.டி. போதுமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் உலோகத் துண்டின் இடமும் அளவும் எழுதித் தரச் சொல்லி இரண்டு பிரதி வாங்குங்கள். ‘போர்க் காயம்’ என்று எழுதச் சொல்லி டாக்டரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர் கார்கிலைப் பார்க்கவில்லை. இடுப்பில் உலோகத் துண்டு இருக்கிறது என்று எழுதினாலே போதும். ஒரு பிரதியை மனுவோடு வையுங்கள், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.