எதையும் தூக்கிப் போட முடியாதவர்களுக்கு வகைபிரிக்கத் தெரியாதா?

கல்லூரி மாணவர்கள் சிலர் கண்டதையும் சேர்த்து வைப்பதற்கு வகைபிரிக்கத் தெரியாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாமை என்பதைவிட, அளவுக்கு மீறி நுணுக்கமாகப் பிரிப்பதே சிக்கல் என்பேன்.

விடுதி அறை மேசையில் பத்து ஜெராக்ஸ் கட்டுகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மற்றவருக்கு அவை 'பழைய நோட்ஸ்' என்ற ஒரே குவியல். சேர்த்து வைப்பவருக்கோ ஒன்று தோழியின் கையெழுத்து உள்ளது, இன்னொன்று தேர்வுக்கு முந்தைய இரவில் தேநீர் சிந்திய கறையுடையது என்று ஒவ்வொன்றும் தனி வகையாகிவிடுவதால், பத்துப் பொருளுக்கும் பத்து முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. களைத்துப்போய் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார்.

ஃப்ராஸ்ட், ஹார்ட்ல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் முன்வைத்த விளக்கம், பொருள்கள்மீதான பற்றோடு, தகவலைக் கையாள்வதில் உள்ள இத்தகைய குறைபாடுகளையும் காரணமாகச் சேர்க்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சேர்த்து வைக்கும் பழக்கம் முற்றியவர்கள் தமக்குரிய பொருள்களைப் பிரிக்கும்போதுதான் அதிகக் குவியல்களை உண்டாக்கினர். கூடுதல் நேரமும் பதற்றமும் அப்போதுதான் தென்பட்டன. ஆகவே பொதுவான அறிவுக்குறை என்று இதைக் கொள்வதற்கில்லை.

2013 முதல் அமெரிக்க உளநோய்க் கையேடு சேர்த்து வைக்கும் பழக்கம் முற்றிய நிலையைத் தனிக் கோளாறாகவே குறிப்பிடுகிறது. அதற்காக அலங்கோலமான விடுதி அறையெல்லாம் நோயாகிவிடாது.