ஆயுள் வரி கட்டிவிடாதே தம்பி!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 27. கல்லிடைக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டிருக்கிறேன். அடையாள அட்டையில் 60 சதவீதம் என்று இருக்கிறது. சைடு வீல் மாட்டி ஸ்கூட்டர் எடுக்கலாம் என்று திருநெல்வேலியில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஆயுள் வரியையும் (பதியும்போதே மொத்தமாக ஒரே தடவை கட்டுகிற வண்டி வரி) சேர்த்து ‘ஆன் ரோடு’ விலை எழுதிக் கொடுத்தார்கள். வரிவிலக்கு உண்டே என்று கேட்டால், “முதல்ல கட்டி ரிஜிஸ்டர் பண்ணுங்க, அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தா திரும்ப வரும்” என்கிறார்கள். என் பெயரில் கடன் கிடைப்பது சிரமம், அண்ணன் பெயரில் எடுத்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, இரண்டுமே வேண்டாம். வரியைக் கட்டிவிட்டுத் திரும்ப வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். அண்ணன் பெயரிலும் எடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் 1974-ஆம் வருடத்தது. மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கென்றே செய்த வண்டிக்கும், அவருக்காக மாற்றி அமைத்த வண்டிக்கும் அரசு வரிவிலக்கு கொடுத்திருக்கிறது. வண்டியை அவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஆட்களில் பாதிப் பேர் அடையாள அட்டையை நீட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அட்டை வேண்டும்தான். ஆனால் விலக்கு கிடைப்பது வண்டிக்கு. ஷோரூமில் நிற்கிற சைடு வீல் இல்லாத ஸ்கூட்டரை உங்கள் பெயரில் பதிந்தால், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில் அது ஊரில் எல்லோரும் ஓட்டுகிற ஸ்கூட்டர்தான். வரி கேட்கத்தான் செய்வார்கள். சைடு வீல் மாட்டி, இது இன்ன ஆளுக்காக மாற்றிய வண்டி என்று ஆன பிறகு பதிவுக்குப் போனால்தான் விலக்கு பேச முடியும். ஷோரூம்காரர் சொல்கிற வரிசையில் போனால் முதலிலேயே காசு போய்விடும்.

எவ்வளவு காசு? 2023 நவம்பரில் வரியை உயர்த்தினார்கள். அதற்கு முன்பு இரு சக்கர வண்டிக்கு 8 சதவீதம். இப்போது விலை ஒரு லட்சத்துக்குள் இருந்தால் 10 சதவீதம், தாண்டினால் 12. 90,000 ரூபாய் வண்டிக்கு 9,000 ரூபாய். சைடு வீல் மாட்டுகிற செலவில் நல்ல பங்கு அதிலேயே தேறிவிடும். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க நமக்குக் கால் எங்கே இருக்கிறது? அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், உள்ளே போன பணம் கிணற்றில் போட்ட கல்.

அதனால் ஷோரூமில் ஆன் ரோடு விலை கேட்காதீர்கள். வண்டி விலை தனியாக, இன்சூரன்ஸ் தனியாக, பதிவுக் கட்டணம் தனியாக எழுதி, ஆயுள் வரி வரிவிலக்குக்கு உட்பட்டது என்று குறித்து, சீல் வைத்த கொட்டேஷன் கேளுங்கள். முணுமுணுப்பார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரே அச்சில் எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட வேண்டும். மேனேஜரைப் பார்த்துப் பேசுங்கள். அவரும் மசியவில்லை என்றால் அடுத்த ஷோரூம். திருநெல்வேலியில் ஸ்கூட்டர் கடைக்கா பஞ்சம்?

இன்னொன்றையும் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். பதிவுக்குப் போடுகிற விண்ணப்பம் படிவம் 20. அதில் உரிமையாளர் எந்த வகை என்று ஓர் இடம் இருக்கிறது. 2020 அக்டோபரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ‘திவ்யாங்ஜன்’ என்று மாற்றுத்திறனாளிகளான நமக்குத் தனி வகை சேர்த்தது. ஷோரூமில் அதை நிரப்புகிற பிள்ளை நாள் முழுக்க ‘இன்டிவிஜுவல்’ என்று தட்டித் தட்டிக் கை பழகியிருக்கும். உங்களுக்கும் அதையே தட்டிவிடும். அனுப்புவதற்கு முன் திரையை ஒரு தடவை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

பெயர் விஷயம். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், உங்கள் பெயர் இருந்தால்தான் இது மாற்றுத்திறனாளியின் வண்டி. அண்ணன் பெயரில் இருந்தால் அண்ணனுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறதே, அவருக்கு எதற்கு விலக்கு என்பார்கள். நியாயம்தானே? கடன்தான் பிரச்சினை என்றால் அண்ணனை ஜாமீன்தாரராகவோ கூட்டு விண்ணப்பதாரராகவோ போடச் சொல்லுங்கள். கடன் இருக்கிறது என்று ஆர்.சி.யில் ஏறுவதால் விலக்குக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், வண்டி வந்தபின் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு அம்பைச் சந்தைக்குப் போகிற வேலையும் கூடாது. உங்களைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வேறு.

இனி சைடு வீல். மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வண்டியின் இரும்புச் சட்டகத்தில் பொறித்திருக்கிற சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சில வண்டியில் அந்த எண் அடிப்பக்கம் இருக்கும். சைடு வீல் பிராக்கெட் அதன் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். என் வண்டியில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “நம்பர் எங்கம்மா?” என்றார். பிராக்கெட்டைத் தளர்த்தித்தான் காட்ட வேண்டியிருந்தது. பங்குனி வெயில், நிழலே இல்லாத மைதானம். நீங்கள் மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எண் தெரிகிற மாதிரி மாட்டுங்கள் என்று. சைடு வீல் கிட் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு அந்தச் சான்றின் நகலும், உங்கள் பெயரும் சேஸிஸ் எண்ணும் போட்ட பில்லும் வாங்கிவிடுங்கள். வெறும் துண்டுச் சீட்டில் ‘சைடு வீல் ஒரு ஜோடி’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஷோரூமிலிருந்து வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்கு தற்காலிகப் பதிவு வேண்டும். அதை ஷோரூமே செய்து தரும்.

வரிவிலக்கு கேட்டு ஆர்.டி.ஓ.வுக்குத் தனியாக ஒரு மனு எழுதுங்கள். அடையாள அட்டை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கொடுத்த சான்று, கிட் பில், இன்சூரன்ஸ் எல்லாவற்றின் நகலையும் வைத்து, கொடுத்ததற்குத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி. இப்போது கையில் தருவதில்லை. 2024-லிருந்து ஸ்பீட் போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகிறது. முகவரியில் தெருப் பெயரை ஒழுங்காகப் போடுங்கள். வந்ததும் வண்டி வகை மாற்றி அமைத்த வண்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘ஸ்கூட்டர்’ என்று இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். இன்சூரன்ஸ்காரன் நாளைக்கு அதைத்தான் பார்ப்பான்.

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விபத்துக்கு முன் எடுத்த பைக் லைசென்ஸ் இருக்கிறதே என்று இதை ஓட்டாதீர்கள். மாற்றி அமைத்த வண்டி என்று லைசென்ஸில் ஏற வேண்டும். உங்கள் சொந்த வண்டியிலேயே ஓட்டிக் காட்டலாம்.

கடைசியாக, வண்டி வாங்குவதற்கு முன் வீட்டு வாசலை அளந்து பாருங்கள். உங்கள் ஊர் வீடுகள் எனக்குத் தெரியும். திண்ணை, அப்புறம் நீளமாக ஒரு நடை. சாதாரண ஸ்கூட்டர் நுழைகிற நடையில் சைடு வீல் வண்டி சிக்கிக்கொள்ளும். ராத்திரி தெருவில்தான் நிற்க வேண்டும் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது வளைவில் உடம்பைச் சாய்க்காதீர்கள். இந்த வண்டி சாயாது, நீங்கள் மட்டும் சாய்ந்தால் விழுவீர்கள். பாபநாசம் ரோட்டில் ஓரம் சரிந்து கிடக்கிற இடங்களில் பாதி ரோட்டுக்கு வந்தே ஓட்டுங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அம்மா, போலியோவால் எனக்கு வலது கால் பாதிப்பு, 50 சதவீதம். 8 லட்சம் ரூபாய்க்குள் சின்னக் கார் எடுக்க நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. சலுகைக்கு டெல்லிக்கு எழுதிப்போட வேண்டும் என்கிறார்கள். நாங்குநேரி டோல்கேட்டில் பணம் கட்ட வேண்டாம் என்பது உண்மையா?

– வாசகர், வள்ளியூர்

பதில்: அண்ணாச்சி, ஜி.எஸ்.டி. சலுகை என்று ஊரில் பேசுவதெல்லாம் பழைய கதை. கார்களுக்கு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் இருந்த காலத்தில், கால் கை பாதிப்பு 40 சதவீதம் உள்ளவர்களுக்கு 18 சதவீதம் என்று குறைத்திருந்தார்கள். 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. வரை. அதற்குக் கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்று வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து அந்த அளவுக் கார் யார் வாங்கினாலும் 18 சதவீதம்தான். நீங்கள் பார்க்கிற காருக்கு டெல்லிக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

உங்களுக்குப் பெரிய லாபம் மாநில வரியில்தான். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 8 லட்சத்துக்கு 1,04,000 ரூபாய். உங்களுக்கு வலது கால் என்பதால் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் கைக்கோ இடது காலுக்கோ மாற்றத்தான் வேண்டும். என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்பதை, காரை புக் செய்வதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். லட்ச ரூபாய் சமாச்சாரத்தில் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்கிற புரோக்கர் பேச்சை நம்பாதீர்கள்.

டோல்கேட் விஷயம் உண்மைதான், ஆனால் அடையாள அட்டையைக் காட்டினால் திறந்துவிட மாட்டார்கள். மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வண்டிக்கு 2008-ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியில் விலக்கு இருக்கிறது. அதற்கென்று கட்டணமில்லா ஃபாஸ்டேக் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பிக்க ஆர்.சி.யில் மாற்றுத்திறனாளி வண்டி என்று பதிவாகியிருக்க வேண்டும். மேலே கல்லிடைக்குறிச்சித் தம்பிக்குச் சொன்ன அந்த உரிமையாளர் வகை இங்கேதான் உதவும். டோலில் நிற்கிற பையன்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

கேள்வி: சைடு வீல் வண்டிக்கு இன்சூரன்ஸில் பாதி தள்ளுபடி என்று ஏஜென்ட் சொல்லவே இல்லையே?

– வாசகி, மேலப்பாளையம்

பதில்: நாம் கேட்காமல் அவர் ஏன் சொல்லப்போகிறார்? மாற்றுத்திறனாளிக்காக வடிவமைத்த அல்லது மாற்றி அமைத்த வண்டிக்கு, சொந்தச் சேத (நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் கிடையாது. ஆக மொத்தத் தொகை பாதியாகும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். பாலிசி தாளில் ‘ஐ.எம்.டி. 12’ (IMT 12) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தள்ளுபடி போடவில்லை என்று அர்த்தம். அதோடு, சைடு வீல் மாட்டியதைக் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் மாட்டி, பிறகு விபத்தானால் அதைச் சொல்லியே தட்டிக் கழிப்பார்கள்.

கேள்வி: கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அரசே சைடு வீல் ஸ்கூட்டர் தருமாமே? எங்கே போக வேண்டும்? எங்கள் ஊர் கடையம்.

– வாசகர், கடையம்

பதில்: தருகிறார்கள். கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் என்று திட்டமே இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை பார்க்கிறவரா, படிக்கிறவரா என்று கேட்பார்கள், அதற்கான சான்றும் எடுத்துப்போங்கள். ஆனால் பழைய நினைப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளத்துக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து கடையம் அந்தப் பக்கம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தென்காசி கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். காலையிலேயே போய்விட்டால் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.