தாய் நாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். பிள்ளைகள் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒருவரிடம் பேசினேன். லாப்ரடார், பக், ராட்வீலர், சிப்பிப்பாறை என எது கேட்டாலும் இருக்கிறதாம். 45 நாள் குட்டியாம். முன்பணம் அனுப்பினால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகவும், விடியற்காலையில் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். சங்கரன்கோவில் பக்கத்தில் சிப்பிப்பாறை வளர்க்கும் இன்னொருவரோ, குட்டி பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது, நேரில் வந்து பாருங்கள், இன்னும் ஐந்து வாரம் பொறுக்க வேண்டும் என்கிறார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், மதில் எவ்வளவு உயரம் என்று என்னையே துருவித் துருவிக் கேட்கிறார். ஆனால் அவரிடம் பேப்பர் எதுவும் இல்லை. யாரை நம்புவது?

பதில்: முதலாமவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம், இரண்டாமவரை நேரில் போய்ப் பாருங்கள். அவரும் நேர்மையானவர்தான் என்று நான் இங்கிருந்தே சான்று கொடுக்க முடியாது. அவர் வீட்டில் இருக்கும் பெட்டை நாயைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்ய வேண்டும். இத்தனை ஆண்டு கால்நடை மருத்துவத்தில் எனக்குத் தெரிந்த உறுதியான அளவுகோல் அதுதான். விற்பதற்காகக் கொண்டுவரும் குட்டியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு ஒரே நாளில் அழகாக்கிவிடலாம். ஆனால், பல மாதம் பட்டினியிலும் கூண்டிலும் கிடந்த தாயின் உடம்பை ஒரே நாளில் யாராலும் மாற்ற முடியாது.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பெட்டை நாய் பொதுவாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பாலூட்டிக் குட்டிகளைத் தேற்றிவிட இன்னும் இரண்டு மாதம். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால், ஒரு ஈற்றுக்கும் அடுத்த சினைக்கும் நடுவே அந்த உடம்பு தேறக் கிடைப்பது இரண்டு மூன்று மாதமே. குட்டிகளை மட்டும் சரக்காக எண்ணும் இடங்களில் நடப்பது இதுதான். இதைத் தடுக்கத்தான் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளில், 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கின்றன. ஆகவே "இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது?" என்று கேட்பது உங்கள் உரிமை. முறையாக வளர்ப்பவர் மாதத்தைச் சொல்லிப் பதில் தருவார்.

சங்கரன்கோவிலுக்குப் போகும்போது குட்டிகளிடம் உடனே குனிந்துவிடாதீர்கள். பிள்ளைகளையும் முதல் முறை அழைத்துப் போக வேண்டாம். குட்டியைக் கையில் எடுத்த பிறகு யாருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. முதலில் தாயைப் பாருங்கள். பால் கொடுக்கும் பெட்டையின் மடி தொங்கி, காம்புகள் நீண்டிருக்கும். வயிறு ஒட்டி, காம்புகள் சுருங்கிக் காய்ந்திருந்தால், உங்களுக்குக் காட்டப்படுவது தாயல்ல, வேறொரு நாய். அடுத்து, உடல் மெலிவை எடை போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே அமைந்த ஒடிசலான வேட்டை நாய்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது அவற்றுக்கு இயல்பு, அதைப் பார்த்துப் பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. பாலூட்டும் காலத்தில் முடி உதிர்ந்து சற்று இளைப்பதும் உண்டு. ஆனால் முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, தோலில் சொறியும் காதோரத்தில் உண்ணியும் அப்பியிருந்தால் அது இனத்தின் இயல்பல்ல, பராமரிப்பின்மை. நகங்கள் வளைந்து நீண்டிருந்தால் அந்த நாய் மண்ணில் நடந்தே நாளாகிவிட்டது என்று பொருள். கோரைப்பற்களின் பின்பக்கம் தேய்ந்திருந்தால் கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து வாழ்ந்திருக்கலாம். வளர்ப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அது வாலாட்டிக்கொண்டு வருகிறதா, பம்மி ஒதுங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். முன்பின் தெரியாத உங்களைப் பார்த்துக் குரைப்பது குற்றமல்ல. சோறு போடுகிறவரைப் பார்த்தே நடுங்கினால் அங்கே நிற்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் '45 நாள் குட்டி' என்பது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை. ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை கூடப்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. முன்னதாகவே பிரித்துக் கொண்டுவந்த குட்டி பிள்ளைகளின் கையைக் கடித்துவைக்கிறது என்று என்னிடம் வரும் பெற்றோர் பலர். இன்னொரு சிக்கல், 45 நாள் என்று சொல்லப்படும் குட்டி பெரும்பாலும் 45 நாள்கூட ஆகாதது. வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் முளைத்திருக்கும். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் முளைத்து, பின்னால் வெறும் ஈறாக இருந்தால் அது ஒரு மாதக் குட்டி. ஐந்து வாரம் பொறுக்கச் சொல்பவர் உங்களை அலைக்கழிக்கவில்லை; விதியையும் குட்டியின் தேவையையும் அறிந்து பேசுகிறார்.

இரவு பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்குள் வரும் குட்டியைப் பற்றிப் பேசும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தெரிவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். பல ஊர்க் குட்டிகளை ஒரே இடத்தில் அடைத்து வைக்கும் வியாபாரியிடம் தொற்றிய நோய், உங்கள் வீட்டுக்கு வந்த நாலாவது நாளில் வாந்தியாகவும் இரத்தப் பேதியாகவும் வெளிப்படும். அதற்குள் பிள்ளைகள் பெயர் வைத்திருப்பார்கள். விற்றவரைக் கேட்டால், "எங்களிடம் நன்றாகத்தான் இருந்தது, நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?" என்பார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பெட்டியில் வந்த ஒரு லாப்ரடார் குட்டியை மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தை, தான் கொடுத்த பிஸ்கட்தான் காரணம் என்று நம்பி அழுதாள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்த வைரஸ் தரையில் பல மாதம் உயிரோடு கிடக்கும். பினாயில் போட்டுக் கழுவினாலும் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். எனவே ஒரு குட்டி அப்படி இறந்த வீட்டில், தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டு முடிக்காத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடவும் கூடாது.

தடுப்பூசி அட்டையைத் தருகிறார்கள் என்பதாலேயே நம்பிவிட வேண்டாம். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஒட்டுச்சீட்டு, அதில் தொகுதி எண், தேதி, போட்ட மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை தொடர வேண்டியது. தாயிடமிருந்து வந்த நோயெதிர்ப்புச் சத்து குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரிவரப் பிடிக்காது என்பதே இதற்குக் காரணம். ஆகவே, "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று 45 நாள் குட்டியை ஒருவர் விற்றால், அவர் சொல்வது நடக்கவே முடியாத ஒன்று. வயிற்றுப் பூச்சி மருந்து மட்டும் இரண்டாவது வாரத்திலிருந்தே கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தேதிகளையும் கேளுங்கள்.

நீங்கள் தயங்குவது பேப்பரை எண்ணித்தான். பேப்பர் என்று சொல்லப்படுவது, நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அமைப்பின் சான்றிதழ். அது ஒரு குட்டியின் தாய் தகப்பன் யார், முன்னோர் யார் என்பதைச் சொல்லும். அந்தக் குட்டி நோயில்லாதது என்றோ, தாய் நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்றோ அது சொல்லாது. லாப்ரடார் போன்ற வெளிநாட்டு இனத்துக்கு ஒருவர் "பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை" என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பதிவு என்பது பிறந்த ஈற்றுக்கே செய்வது, கடைசி நேரத்தில் கூடுதல் பணத்துக்குத் தருவதல்ல. நம் கரிசல் காட்டு நாய்களின் கதை வேறு. சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நாய்களை வைத்திருக்கும் குடும்பங்களில் பலர் எந்தக் காகிதமும் வாங்கியதில்லை. ஆனால் எந்தக் கடுவன் எந்த ஊருடையது என்பதை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நினைவு மதிப்புள்ளது. அதே சமயம், விற்பவருக்குப் பதிவு வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் பொருந்தும் என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். தகப்பன் நாய் தாய்க்கு உடன்பிறப்போ, அதன் குட்டியோ அல்ல என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நாய்களையே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதுதான் நாட்டு இனங்களுக்கு இன்று பெரிய கேடு.

ராஜபாளையம் இன நாய் வாங்க எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளில் சேர்ந்து வருகிறது. கூட்டத்தில் இருக்கும்போது இது தெரியாது, மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். ஆறேழு வாரக் குட்டியைத் தனியாக விட்டு, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும்.

மதில் உயரத்தைக் கேட்டது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கலாம். எனக்கோ அதுதான் அவர்மேல் முதல் நம்பிக்கையைத் தருகிறது. சிப்பிப்பாறை ஆளுயர மதிலைத் தாண்டக்கூடிய நாய். தினமும் ஓடவிடாமல் கட்டிப்போட்டால் நொந்துபோகும். அது தெரிந்தவர்தான் இதைக் கேட்பார். நீங்களும் திருப்பி ஒன்று கேளுங்கள்: எங்களால் வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? உடனே 'சரி' என்பவர் நல்லவர். எந்த இனம் கேட்டாலும் தருகிறேன் என்பவரிடம் தாய் இருக்காது. அவர் எங்கிருந்தோ வாங்கி விற்பவர்.

அங்கே போன பிறகு நிலைமை மோசமாக இருந்தால், பாவப்பட்டு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் தாயை அடுத்த பருவத்தில் மீண்டும் இணை சேர்க்கவே உதவும். வெளியே வந்து, பார்த்ததைத் தேதியோடு எழுதிக் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

எல்லாம் திருப்தியாக இருந்தால், எட்டு வாரம் நிறைந்ததும் பகல் நேரத்தில் போய் நீங்களே எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவர் பார்த்து நோய் என்று சொன்னால் குட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தருவதாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய் படுத்த துணியில் ஒரு துண்டும், இதுவரை கொடுத்த உணவின் விவரமும் கேட்டு வாங்குங்கள். மறுநாளே உங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அட்டையோடு காட்டுங்கள். அங்கே காத்திருக்கும்போது குட்டியை மடியிலேயே வைத்திருங்கள், தரையில் விட வேண்டாம்.